டம்பர்களின் கார்பன் உமிழ்வை அளக்கப் புகையைத் துரத்த வேண்டாம், டீசலை அளங்கள்

கேள்வி இதுதான்: ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். 100 டன் ரக டம்பர்கள் (மண்ணும் நிலக்கரியும் சுமக்கும் ராட்சத லாரிகள்), ஹைட்ராலிக் எக்ஸ்கவேட்டர்கள், டோசர், கிரேடர், தண்ணீர் டேங்கர் எல்லாம் டீசலில் ஓடுகின்றன. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையில் ஸ்கோப் 1, அதாவது நிறுவனமே நேரடியாக வெளியிடும் உமிழ்வைக் காட்ட வேண்டும். வண்டிகளின் புகைக்குழாயில் கருவி மாட்டி அளக்க வேண்டுமா? டீசல் கணக்கை வைத்தே போட்டுவிட்டால் ஆடிட்டர் ஏற்பாரா?

டீசல் கணக்கை வைத்தே போடலாம், போட வேண்டும். ஏதோ வசதிக்காகச் செய்யும் குறுக்குவழி என்று இதை நினைக்க வேண்டாம். கரியமில வாயுவைப் பொறுத்தவரை இதைவிடத் துல்லியமான வழி சுரங்கத்தில் கிடையாது. டீசலின் எடையில் 86, 87 சதவீதம் கார்பன். இன்ஜினுக்குள் போன கார்பன் வெளியே வந்தே ஆக வேண்டும். கார்பன் மோனாக்சைடாகவும் எரியாத ஹைட்ரோகார்பனாகவும் கரித்தூளாகவும் போவது, ஒழுங்காக ஓடும் டீசல் இன்ஜினில் 1 சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம். மீதி அத்தனையும் கரியமில வாயு. எனவே எத்தனை கிலோ டீசல் எரிந்தது என்று தெரிந்தால் விடை கைக்கு வந்துவிடும்.

வருடா வருடம் எடுக்கும் புகைச் சோதனைச் சான்றிதழைக் கொண்டுவந்து "எமிஷன்தான் அளந்திருக்கிறோமே" என்பவர்கள் உண்டு. அந்தக் கருவி பார்ப்பது புகையின் கருமையை. இரண்டுக்கும் தொடர்பில்லை. துளிக்கூடப் புகை தெரியாத புது டம்பரும் லிட்டருக்கு ஏறத்தாழ 2.65 கிலோ கரியமில வாயுவை விடத்தான் செய்யும்.

இந்த 2.65 எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது, பின்னால் வரும் குழப்பங்களில் பாதி அப்போதே தெளியும். ஐபிசிசி எனும் ஐ.நா. காலநிலைக் குழுவின் 2006 வழிகாட்டியில் டீசலின் நிகர எரிதிறன் (எரிந்தால் கிடைக்கும் வெப்பம்) கிலோவுக்கு 43.0 மெகாஜூல். உமிழ்வுக் காரணி ஒரு கிகாஜூலுக்கு 74.1 கிலோ கரியமில வாயு. இரண்டையும் பெருக்கினால் ஒரு கிலோ டீசலுக்கு 3.186 கிலோ. அடர்த்தி 0.83 என்றால் லிட்டருக்கு 2.645. ஆக, அடிப்படை எண் கிலோவுக்கானது. லிட்டர் எண் அடர்த்தியைப் பொறுத்து ஆடும். சுரங்கங்களில் எல்லாரும் லிட்டரில்தான் பேசுகிறார்கள், தவறும் அங்கேதான் தொடங்குகிறது.

டீசல் ஒரு டிகிரி சூடேறினால் கொள்ளளவில் சுமார் 0.083 சதவீதம் விரிகிறது. சிறியதாகத் தெரியும். ஆனால் கோதாவரிப் பள்ளத்தாக்கிலோ சிங்ரௌலியிலோ மே மாத மதியத்தில் 38 டிகிரியில் வந்து இறங்கும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலத்தடித் தொட்டியில் அது 30 டிகிரிக்கு இறங்கும்போது 80 லிட்டர் "காணாமல்" போயிருக்கும். யாரும் திருடவில்லை, சுருங்கியிருக்கிறது. சலானில் 15 டிகிரிக்கான அடர்த்தி அச்சிட்டு வரும். 0.832 என்று இருந்தால், 35 டிகிரியில் அதே டீசலின் அடர்த்தி 0.818. ஒரு லட்சம் லிட்டர் என்பது அப்போது 81,800 கிலோ, 261 டன் கரியமில வாயு. இதையே 0.84 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டால் 268 டன் வரும். எரியாத டீசலுக்கு 7 டன் கூடுதலாகக் கணக்கு எழுதியிருப்பீர்கள். செய்ய வேண்டியது எளிது: ஒவ்வொரு சலானிலும் உள்ள 15 டிகிரி அடர்த்தியையும் இறக்கும்போது எடுத்த வெப்பநிலையையும் பதிந்து, வரவைக் கிலோவில் வைத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் இரண்டு பத்தி கூடும், அவ்வளவுதான்.

இனி மாதக் கணக்கு. தொடக்க இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் இறுதி இருப்பு, இது ஒரு பக்கம். பங்க் மீட்டரும் பவுசர் (வண்டிகள் நிற்கும் இடத்துக்கே டீசல் கொண்டுபோகும் டேங்கர்) மீட்டரும் காட்டும் வழங்கல் இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றை வருவித்து எழுதினால் ஒப்பீடே இல்லை. பல இடங்களில் டிப் ரெஜிஸ்டரில் (தொட்டிக்குள் அளவுகோல் விட்டு எடுத்த இருப்புப் பதிவில்) உள்ள எண்கள் மீட்டர் எண்களுடன் லிட்டர் பிசகாமல் பொருந்தியிருக்கும். அதைப் பார்த்ததும் அனுபவமுள்ள ஆடிட்டர் புருவத்தை உயர்த்துவார். உண்மையான கணக்கு அப்படிப் பொருந்தாது.

எவ்வளவு பொருந்தும்? 2.5 மீட்டர் விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள கிடைத்தொட்டி சுமார் 29,000 லிட்டர் பிடிக்கும். பாதி நிறைந்திருக்கும்போது டிப் ராடில் ஒரு சென்டிமீட்டர் என்பது 150 லிட்டர். ராடைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து 5 மில்லிமீட்டர் தவறினாலே 75 லிட்டர். தினசரிக் கணக்கில் இது பெரிய ஓட்டை. ஆனால் மாதம் 8 லட்சம் லிட்டர் போகும் சுரங்கத்தில் மாத முடிவு டிப்பில் 75 லிட்டர் ஒரு பொருட்டே இல்லை. இருப்பு மாறும் அளவுதான் கணக்கில் நுழைகிறது, அதற்குப் பக்கத்தில் வரவு மிகப் பெரியது. அதனால் ஷிஃப்ட் வாரியாக டிப் எடுத்து ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பதைவிட, மாதக் கடைசி நாளில் ஒழுங்காக ஒரு டிப் எடுப்பது மேல். லாரி இறக்கியவுடன் எடுக்காமல் டீசல் அடங்கும் வரை காத்திருந்து, இருமுறை எடுத்து, அடியில் தண்ணீர் எவ்வளவு என்பதை வாட்டர் பேஸ்ட் (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை) தடவிப் பார்த்துக் கழித்துவிடுங்கள். வெப்பநிலையையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் காலிப்ரேஷன் சார்ட் (டிப் உயரத்தை லிட்டராக மாற்றும் அட்டவணை) அந்தத் தொட்டிக்கே உரியதாக இருக்க வேண்டும். பக்கத்துத் தொட்டியின் சார்ட்டை நகலெடுத்து ஒட்டியிருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

வழங்கல் மீட்டர்களுக்கு எடையளவைத் துறையின் முத்திரை இருந்தால் 0.5 சதவீதத்துக்குள் நம்பலாம். பவுசர் மீட்டர்தான் கவலைக்குரியது. குண்டும் குழியுமான பாதையில் நாளெல்லாம் குலுங்குகிறது, தூசியில் நிற்கிறது, தொட்டி தீரும் தறுவாயில் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. காற்று பிரிப்பான் வேலை செய்யாவிட்டால் காற்றையும் டீசலாக எண்ணிக் காட்டும். வெப்பநிலையைத் திருத்திய பிறகும் இரு பக்கக் கணக்குக்கு இடையே தொடர்ந்து ஒரே திசையில் 1 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், முதலில் பவுசர் மீட்டரை, சோதனை முத்திரை பெற்ற அளவுப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். அதற்கப்புறம் திருட்டைப் பற்றி யோசிக்கலாம்.

திருட்டு என்றதும் ஒரு கேள்வி வரும்: திருடு போன டீசல் நம் வண்டியில் எரியவில்லையே, கழிக்கலாமா? போலீஸ் புகாரும் அளவும் ஆவணத்தில் இருந்தால் கழிக்க வாதம் உண்டு. இல்லாவிட்டால் கணக்கிலேயே விட்டுவிடுங்கள். உமிழ்வைக் குறைத்துக் காட்டத் திருட்டைக் காரணமாகச் சொல்லும் அறிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கழிக்க வேண்டிய டீசல் வேறு இருக்கிறது. வெடிமருந்துக்குப் போவது அதில் முக்கியம். ஆன்ஃபோ என்பது எடையில் 94 பங்கு அம்மோனியம் நைட்ரேட், 6 பங்கு டீசல். சுரங்கத்திலேயே கலப்பவர்கள் 100 டன் ஆன்ஃபோவுக்கு 6 டன், அதாவது சுமார் 7,200 லிட்டர் டீசலை அதே ஸ்டோர்ஸிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதுவும் கரியமில வாயுவாகத்தான் முடியும், ஆனால் அது வெடிப்புத் தலைப்பில் வர வேண்டும், வாகனத் தலைப்பில் அல்ல. மொத்தமாக எமல்ஷன் வெடிமருந்து வாங்கி சப்ளையரின் வண்டியே துளையில் நிரப்பும் சுரங்கங்களில் இந்தச் சிக்கல் இல்லை. அடுத்தது ஜெனரேட்டர். அதற்குப் போன டீசலைத் தனியே பிரிக்க வேண்டிய காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் பாகம் கழுவப் போகும் டீசல் சில பேரல்தான், அதற்காக மெனக்கெட வேண்டாம்.

ஒப்பந்ததாரர் வண்டிகள் பெரிய விவகாரம். இந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் மேல்மண் அகற்றுவதில் பெரும்பகுதி ஒப்பந்தத்தில்தான் நடக்கிறது. அந்த டிப்பர்களின் டீசல் உங்கள் ஸ்டோர்ஸ் கணக்கில் வரவே வராது. அதை விட்டுவிட்டால் உங்கள் ஸ்கோப் 1 அழகாகச் சின்னதாகத் தெரியும். ஒரு டம்பரை விற்றுவிட்டு அதே வேலையை வெளியாளிடம் கொடுத்தால் உமிழ்வு "குறையும்". செயல்பாட்டுக் கட்டுப்பாடு என்ற எல்லையை நிறுவனம் தேர்ந்தெடுத்திருந்து, வேலை எங்கே எப்படி நடக்க வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கிறீர்கள் என்றால் அது ஸ்கோப் 1. இல்லை என்றால் ஸ்கோப் 3, அதாவது பிறர் வழியாக வரும் மறைமுக உமிழ்வு. எதுவானாலும் அந்த டீசல் எங்காவது ஓரிடத்தில் தெரிய வேண்டும், வருடத்துக்கு வருடம் இடம் மாறக் கூடாது. ஒப்பந்தத்திலேயே மாத டீசல் விவரமும் கொள்முதல் ரசீதும் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்த்துவிடுங்கள், வருடக் கடைசியில் கெஞ்ச வேண்டியிருக்காது. நிறுவனமே டீசல் கொடுத்துப் பில்லில் கழிக்கும் முறை இருந்தால் இரட்டைக் கணக்கு விழாமல் பாருங்கள்.

இப்போது உமிழ்வுக் காரணி. இணையத்தில் 2.5 முதல் 2.9 வரை எல்லா எண்ணும் கிடைக்கும். பெரும்பாலும் எல்லாமே அதனதன் இடத்தில் சரி, ஒன்றோடொன்று கலந்தால்தான் தவறு. ஆஸ்திரேலியாவின் தேசியக் கணக்கு முறையில் டீசலுக்கு ஒரு கிலோலிட்டருக்கு 38.6 கிகாஜூல், ஒரு கிகாஜூலுக்கு 69.9 கிலோ. பெருக்கினால் லிட்டருக்கு 2.70. அமெரிக்காவின் எண் கேலனுக்கு 10.21 கிலோ, அதுவும் லிட்டருக்கு 2.70தான். ஐபிசிசி நிகர எரிதிறனில் பேசுகிறது, ஆஸ்திரேலியா மொத்த எரிதிறனில் (எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்தது) பேசுகிறது. ஆஸ்திரேலியாவின் 38.6ஐ எடுத்து ஐபிசிசியின் 74.1ஆல் பெருக்கினால் 2.86 வரும், 6 சதவீதம் அதிகம். தலைகீழாகக் கலந்தால் 2.50, சுமார் 6 சதவீதம் குறைவு. பிரிட்டிஷ் அட்டவணையில் பங்க் டீசலுக்கான எண் சற்றுக் குறைவாக இருக்கும், அதில் உயிரி டீசல் கலப்பு உண்டு. நீங்கள் வாங்குவது கலப்பில்லாத டீசல் என்றால் அது உங்களுக்கு ஆகாது.

ஆனால் உண்மையான வெடிகுண்டு, டீசல் எரியும்போது சிறிதளவு உண்டாகும் இன்னொரு பசுமைக்குடில் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு. ஐபிசிசி அட்டவணையில், தொழிற்சாலை வகை சாலைக்கு வெளியே ஓடும் டீசல் இயந்திரங்களுக்கு ஒரு டெராஜூலுக்கு 28.6 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. சாலை வாகனத்துக்கு 3.9. நிலையான எரிப்புக்கு, அதாவது ஜெனரேட்டருக்கு, 0.6. ஒரே டீசல், மூன்று எண்கள், முதலுக்கும் கடைசிக்கும் ஏறத்தாழ 48 மடங்கு வித்தியாசம். டம்பருக்கு 28.6ஐப் போட்டு ஐபிசிசி ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையின் 265ஆல் (ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வெப்பமாக்கலில் 265 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்) பெருக்கினால் லிட்டருக்கு 0.27 கிலோ சேர்கிறது. 2.645 என்பது மீத்தேனையும் சேர்த்து 2.92 ஆகிவிடுகிறது, பத்து சதவீதம் கூடுதல். ஆஸ்திரேலிய முறையிலோ இந்தச் சேர்க்கை 1 சதவீதத்துக்கும் கீழே. ஐபிசிசியே அந்த 28.6க்கு 14.3 முதல் 85.8 வரை வீச்சுக் கொடுத்திருக்கிறது. அவ்வளவு நிச்சயமில்லாத எண் அது.

என்ன செய்வது? கரியமில வாயுவைத் தனி வரியிலும், மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு இரண்டையும் தனித்தனி வரியிலும் காட்டுங்கள், எந்த அட்டவணை, எந்த மதிப்பீட்டு அறிக்கை என்று எழுதுங்கள். என் பரிந்துரை, டம்பருக்கும் டோசருக்கும் ஐபிசிசியின் சாலைக்கு வெளியே உள்ள எண், ஜெனரேட்டருக்கு நிலையான எண், பதிவெண் பெற்றுச் சாலையிலும் ஓடும் டிப்பருக்குச் சாலை எண். எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறதே என்று ஒரு வருடம் 28.6, அடுத்த வருடம் 0.6 என்று தாவினால் 9 சதவீத "குறைப்பு" சும்மா கிடைக்கும். ஆடிட்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

பிஎஸ்-6 உமிழ்வுத் தரத்து டிப்பர்கள் இருந்தால், புகையைச் சுத்தம் செய்ய அவை பயன்படுத்தும் யூரியாக் கரைசலையும் சேர்க்க வேண்டும். 32.5 சதவீதம் யூரியா, அடர்த்தி 1.09. ஒரு கிலோ யூரியா சிதைந்தால் 0.733 கிலோ கரியமில வாயு, எனவே லிட்டருக்கு 0.26 கிலோ. டீசலோடு ஒப்பிட்டால் அரை சதவீதம்கூடத் தேறாது, ஆனாலும் ஒரு வரி எழுதிவிட்டால் கேள்வி வராது.

மொத்தம் இப்படிக் கிடைத்துவிடும். அடுத்து வண்டி வாரியாகப் பிரிப்பது. அறிக்கைக்கு இது தேவையில்லை, உமிழ்வைக் குறைக்க வேண்டுமானால் தேவை. இங்கேதான் கருவிகள் வருகின்றன, தரமும் எக்கச்சக்கமாக வேறுபடுகிறது.

ஹவர் மீட்டரை மணிக்கு இத்தனை லிட்டர் என்ற நார்ம்ஸால் பெருக்குவது மோசமான வழி. நார்ம்ஸை முன்கூட்டியே வைத்துக்கொண்டு நுகர்வைக் "கண்டுபிடிக்கிறோம்", விடை எப்போதும் நார்ம்ஸ்தான். ஒவ்வொரு முறையும் தொட்டியை முழுக்க நிரப்பி, நிரப்பிய லிட்டரையும் ஹவர் மீட்டரையும் குறிப்பது பழைய முறை, ஆனால் நல்ல முறை. ஒரு நிரப்பலில் இருபது முப்பது லிட்டர் பிசகலாம். மாதம் முழுக்கச் சேர்த்தால் அந்தப் பிசகு முதலும் கடைசியுமான நிரப்பலில் மட்டும்தான் மிஞ்சும். நிபந்தனை ஒன்றே: வண்டி எண் சரியாக விழ வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் டம்பர் 14க்குப் போட்டதை 41 என்று எழுதிவிடுவது சாதாரணம். நிரப்பு வாயில், வண்டியைத் தானே அடையாளம் காட்டும் ஆர்எஃப்ஐடி வளையம் மாட்டினால் அது தீரும்.

தொட்டிக்குள் மட்டச் சென்சார் வைப்பவர்கள் உண்டு. 1,300 லிட்டர் தொட்டியில் 1 சதவீதம் என்றால் 13 லிட்டர், அதுவும் சமதளத்தில் நிற்கும்போது. ராம்ப் ஏறும்போது டீசல் பின்னால் சாய்ந்துவிடும். நின்ற வண்டியிலிருந்து 100 லிட்டர் உறிஞ்சினால் பிடிக்க உதவும், நுகர்வை அளக்க உதவாது.

டீசல் வரும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் ஃப்ளோ மீட்டர் மாட்டுவது கேட்க நன்றாக இருக்கும். பெரிய இன்ஜினில் பம்ப் இழுக்கும் டீசலில் பெரும்பகுதி இன்ஜெக்டரைக் குளிர்வித்துவிட்டு எரியாமல் தொட்டிக்கே திரும்புகிறது. உதாரணமாக 35 டிகிரியில் மணிக்கு 300 லிட்டர் உள்ளே போய், 60 டிகிரியில் 220 லிட்டர் திரும்புகிறது என்றால் மீட்டர்கள் காட்டும் நுகர்வு 80. ஆனால் திரும்பியது சூட்டில் விரிந்த 220, அதே 35 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 215.5தான். உண்மையான நுகர்வு 84.5. வெப்பநிலைத் திருத்தம் இல்லாத மீட்டர் ஜோடி 5 சதவீதம் குறைத்துக் காட்டும், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக. போதாக்குறைக்கு ஒவ்வொரு மீட்டரிலும் 1 சதவீதப் பிழை இருந்தால் அந்த 80இல் மட்டும் சுமார் 4 லிட்டர் ஆடும். இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண்ணைப் பெறும் எந்த அளவீட்டுக்கும் இந்தச் சாபம் உண்டு.

மின்னணு இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவே சொல்லிவிடும். கோமாட்சுவின் கோம்ட்ராக்ஸ் பிளஸ், கேட்டர்பில்லரின் விம்ஸ் எல்லாம் இதைத்தான் காட்டுகின்றன. வண்டியின் மின்னணுப் பாகங்கள் தகவல் பரிமாறும் ஜே1939 கேன் பஸ்ஸை நீங்களே படிப்பதானால் இரண்டு செய்திகள் வேண்டும்: 65266இல் வரும் நொடிக்கு நொடி எரிபொருள் வேகம், 65257இல் வரும் மொத்த நுகர்வு. வேகத்துக்கு ஒரு பிட் மணிக்கு 0.05 லிட்டர், மொத்தத்துக்கு ஒரு பிட் 0.5 லிட்டர். கணக்குக்கு மொத்த நுகர்வையே எடுங்கள். பள்ளத்தின் அடியில் சிக்னல் போய் இரண்டு மணி நேரப் பதிவு விடுபட்டாலும், மொத்தத்தில் முதலும் கடைசியும் இருந்தால் போதும். வேகத்தைக் கூட்டிப் போட்டால் அந்த இரண்டு மணி நேரம் போனது போனதுதான். வேகத்தில் இன்னொரு வினை: சென்சார் மதிப்பு இல்லாதபோது 16 பிட்டும் 1 ஆக வரும். "தகவல் இல்லை" என்று அதற்குப் பொருள். வடிகட்டாமல் பெருக்கினால் மணிக்கு 3,276.75 லிட்டர். உங்கள் அறிக்கையில் அந்த எண்ணைக் கண்டால் டம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை, மென்பொருள் எழுதியவரைக் கூப்பிடுங்கள். இரட்டை இன்ஜின் எக்ஸ்கவேட்டரில் இரண்டு இசியூ, இரண்டு முகவரி, ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் பாதி நுகர்வைக் காட்டுவதும் உண்டு. இசியூ மாற்றிய நாளில் மொத்தம் பூஜ்யத்துக்கோ வேறொரு எண்ணுக்கோ குதிக்கும்.

இசியூ டீசலை அளப்பதில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, அழுத்தம் என்ன என்பதிலிருந்து கணிக்கிறது. தேய்ந்த இன்ஜெக்டர் கூடுதலாகக் கொட்டினாலும் கணிப்பு புதிய இன்ஜெக்டருக்கானதாகவே இருக்கும். எனவே எல்லா வண்டிகளின் இசியூ நுகர்வையும் கூட்டி, அந்த மாதம் பங்க், பவுசர் மீட்டர்கள் காட்டிய வழங்கலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை விகிதப்படி பகிர்ந்துவிடுங்கள். மொத்தத்துக்கு டீசல் கணக்கு, பங்கீட்டுக்கு இசியூ. ஒரு வண்டி மட்டும் நிரப்பல் கணக்குக்கும் இசியூவுக்கும் இடையே மாதாமாதம் விலகிக்கொண்டே போனால் அது கார்பன் செய்தி மட்டுமல்ல, இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லும் செய்தியும்கூட.

எண் நம்பத்தக்கதா என்று பார்க்க இயற்பியல் போதும். கோமாட்சு எச்டி785 ரக டம்பரை எடுத்துக்கொள்வோம். காலி எடை சுமார் 72 டன், சுமை 91, மொத்தம் 163 டன். 1:16 சரிவில் 100 மீட்டர் உயரம் ஏறப் பாதை 1,600 மீட்டர். உயரத்துக்கு 160 மெகாஜூல். உருளும் தடை 3 சதவீதம் என்றால் அதற்கு 77. மொத்தம் 237. டிரான்ஸ்மிஷனில் 80, இன்ஜினில் 40 சதவீதத் திறன் என்று வைத்தால் 740 மெகாஜூல் டீசல் வேண்டும், சுமார் 21 லிட்டர். அதாவது ஒரு ஏற்றத்துக்கு 55 கிலோ கரியமில வாயு. இறங்குவதும் காத்திருப்பதும் இதற்கு மேல். உங்கள் பதிவில் அதே ஏற்றத்துக்கு 12 லிட்டர் என்று இருந்தால் அளவில் பிழை. 35 என்று இருந்தால் பாதையைப் போய்ப் பாருங்கள்: மழைக்குப் பின் ஹால் ரோடு சேறாகி உருளும் தடை 5 சதவீதமானால் அதே ஏற்றத்துக்கு 25 லிட்டர் ஆகும். கிரேடரும் ரோலரும் எரிக்கும் டீசலைக் கார்பன் செலவாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இதே காரணத்தால், ஒரு கன மீட்டர் மேல்மண்ணுக்கு இத்தனை கிலோ என்ற உமிழ்வுச் செறிவு எண்ணை வருடத்துக்கு வருடம் அப்படியே ஒப்பிடுவது அநியாயம். பள்ளம் ஆழமாக ஆக லிட்டர் ஏறும், யாரும் கெட்டுப்போகவில்லை. சராசரி ஏற்ற உயரத்தையும் இழுதூரத்தையும் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். வகுக்கும் எண்ணையும் கவனியுங்கள்: சர்வே அளந்த கன மீட்டர் வெட்டாத நிலத்துக்கானது. டிரிப் எண்ணிக்கையிலிருந்து போட்டது உதிர்ந்து உப்பிய மண்ணுக்கானது. ஒரு வருடம் அது, அடுத்த வருடம் இது என்றால் ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. நெய்வேலி போன்ற சுரங்கத்தோடு ஒப்பிடவே வேண்டாம். அங்கே வாளிச் சக்கர எக்ஸ்கவேட்டரும் கன்வேயரும் மின்சாரத்தில் ஓடுகின்றன, மண்ணை நகர்த்தும் கார்பனில் பெரும்பகுதி டீசல் தலைப்பிலேயே இருக்காது.

புகைக்குழாயில் கருவி எப்போதுதான் வேண்டும்? நைட்ரஜன் ஆக்சைடுகள், துகள், நைட்ரஸ் ஆக்சைடு, மீத்தேன் ஆகியவற்றை டீசல் அளவிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அவற்றுக்கு வண்டியிலேயே ஏற்றி, ஓடும்போதே புகையை அளக்கும் பெம்ஸ் கருவி வேண்டும். டம்பரில் அதை மாட்டுவது லேசல்ல. பல டம்பர்களில் ஈர மண் ஒட்டாமலிருக்கப் புகையை டம்ப் பாடியின் உள் குழிகள் வழியே விட்டுச் சூடாக்குவார்கள், பாடி ஏறி இறங்கும் இணைப்பில் புகை கசியும். அந்த இடத்தில் அளந்தால் புகையின் ஒரு பகுதியைத்தான் அளப்பீர்கள். பாடிக்கு முன்பே புகையை வெளியே திருப்பிவிட வேண்டும். வி-வகை இன்ஜினில் இரண்டு புகைக்குழாய்கள் தனித்தனியே வந்தால் இரண்டையும் அளக்க வேண்டும், ஒன்றை இரண்டால் பெருக்கக் கூடாது. கரியமில வாயு சென்சாருக்கு முன்பு ஈரத்தை உறைய வைத்து எடுத்துவிடும் கருவியானால் அது காட்டுவது உலர் சதவீதம். முழு லோடில் புகையில் 8 சதவீதம் அளவுக்கு நீராவி இருக்கும். உலர் சதவீதத்தை ஈரப் புகையின் ஓட்டத்தோடு பெருக்கினால் அந்த அளவுக்கு அதிகமாகவே வரும். ஐடிலில் புகையில் கரியமில வாயு 1.5, 2 சதவீதம்தான், அப்போது உள்ளே இழுத்த காற்றிலேயே இருந்த 0.04ஐயும் கழிக்க வேண்டும். கடைசியில் பெம்ஸ் காட்டிய கார்பனை அதே நேரத்தில் எரிந்த டீசலின் கார்பனோடு ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் விலகினால் சந்தேகம் முதலில் பெம்ஸ் மேல் விழ வேண்டும், அதிலும் புகை ஓட்டத்தை அளக்கும் குழாய் மேல்.

புகைக்குழாய் அளவீடு கட்டாயம் என்று நான் சொல்வது ஒரே இடத்தில்: டீசலோடு எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன்) கலந்து ஓட்டும் டம்பர்கள். கோல் இந்தியா 2021இல் எரிவாயு நிறுவனமான கெயில், டம்பர் தயாரிக்கும் பிஇஎம்எல் ஆகியவற்றோடு சேர்ந்து 100 டன் டம்பர்களை இப்படி மாற்றும் முன்னோடித் திட்டத்தை எடுத்தது. காகிதத்தில் லாபம் தெளிவு: ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.75 கிலோ கரியமில வாயு, எரிதிறன் கிலோவுக்கு 49 மெகாஜூல், மெகாஜூலுக்கு 56 கிராம். டீசலின் 74.1ஐவிட 24 சதவீதம் குறைவு. ஆனால் 3 சதவீத மீத்தேன் எரியாமல் நழுவினால், அதை ஐந்தாம் அறிக்கை மீத்தேனுக்குத் தரும் 28ஆல் பெருக்கிச் சேர்க்கும்போது மெகாஜூலுக்கு 72 கிராமாகிவிடுகிறது, லாபம் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. நழுவுவது எவ்வளவு என்பதை எரிவாயு மீட்டர் சொல்லாது, லோடு குறையும்போதும் ஐடிலிலும் அது கூடும் என்பதால் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவைத்து அளந்தாலும் பயனில்லை. ஏற்றம், இறக்கம், ஷவலடியில் காத்திருப்பு எல்லாம் சேர்ந்த முழுச் சுற்றில் அளக்க வேண்டும்.

ஆடிட்டருக்கு வைக்க வேண்டியவை: கொள்முதல் இன்வாய்ஸ், அடர்த்தி உள்ள சலான், தொட்டியின் காலிப்ரேஷன் சார்ட், மீட்டர் முத்திரைச் சான்று, மாத முடிவு டிப், வழங்கல் சீட்டு, ஒப்பந்ததாரர் விவரம். நிச்சயமின்மையையும் எழுதுங்கள். இருப்பில் 0.5, மீட்டரில் 0.5, காரணியில் 1.5 சதவீதம் என்றால் இருபடிக் கூட்டலில் (வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால்) கரியமில வாயுவுக்கு மொத்தம் 1.7 சதவீதம் வருகிறது. நைட்ரஸ் ஆக்சைடைச் சேர்த்த சமான எண்ணுக்கு இந்தக் கூற்று செல்லாது, அந்த வரிக்குத் தனி வீச்சுக் கொடுங்கள். பின்னொரு வருடம் அட்டவணையை மாற்றினாலோ, 265இலிருந்து ஆறாம் அறிக்கையின் 273க்கு மாறினாலோ, அடிப்படை ஆண்டையும் புதிய எண்ணில் திருப்பிப் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிலோவில் வைத்த டீசல் கணக்கு கையில் இருந்தால் அது அரை நாள் வேலை.